நான் படித்துச் சொன்ன காகிதம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. நாத்தனார் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்ததால் அவளுடைய இரண்டும் என் வீட்டுச் சோற்றில்தான் வளர்ந்தன. ஆறில் ஒன்றுகூட என்னைப் போல் இரண்டாம் வகுப்போடு நிற்கவில்லை. ஒருத்தி நர்ஸ், இரண்டு பேர் டிப்ளமோ, மற்றவர்களும் பத்தாவதைத் தாண்டியவர்கள். இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பதில்லை. கேட்டுக் கேட்டுச் சிலருக்குச் சலிப்புத் தட்டியிருக்கும். தட்டட்டும்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் நடுவில், கல்கத்தா ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஏரி, ஏரிக்கும் மேற்கே மேடு. அதற்கு வேறு பெயர் கிடையாது. மேடு என்றால் எல்லோருக்கும் தெரியும். செம்மண்ணும் சரளைக் கல்லுமான அந்த இடத்தில் களாச்செடி, காரை, சூரைமுள், ஈச்சம்புதர், நடுநடுவே நாவல் மரங்கள். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. மேட்டில் விழுகிற மழை உடனே ஓடி வந்துவிடாது. இரண்டு மூன்று நாள் மண்ணுக்குள் இருந்துவிட்டு, வடிகட்டினது போலக் கால்வாயில் இறங்கி ஏரிக்கு வரும். மேட்டின் அடியில் ஒரு கிணறு இருக்கிறது. ஊருக்குள் போட்ட போர் குழாய்களில் இப்போதெல்லாம் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, குடத்தின் உள்பக்கம் துரு மாதிரிப் படிகிறது. அந்தக் கிணறு ஒன்றுதான் வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறது. மேட்டின் மேல் எங்களுக்கு இருக்கிற ஆசை அழகைப் பார்த்து வந்ததில்லை, குடத்தைப் பார்த்து வந்தது.

மேட்டில் ஒரு பகுதி நான்கு குடும்பங்களின் பட்டா நிலம். மீதி சர்க்கார் புறம்போக்கு. கணக்கில் அதற்குத் தரிசு என்று பெயர். பட்டாக்காரர்களில் ஒருவர் டீச்சரம்மா. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் முதலில் தன் பங்கை ஒரு அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். விற்கக் கூடாது, கட்டக் கூடாது, இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதி ரிஜிஸ்தர் செய்தார். அப்புறம் மற்ற மூன்று குடும்பங்களையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஊரில் அதை டிரஸ்ட்டு என்போம். எங்கள் தெருக்காரர்களுக்கு அங்கே ஒரு சாண் நிலம் இல்லை. நாங்கள் அவர்கள் கழனியில் கூலிக்கு நின்றவர்கள். இப்போது பிள்ளைகள் ஷிப்டு பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போகிறார்கள். ஆனாலும் டிரஸ்ட்டின் ஏழு பேர் கமிட்டியில் மூன்று பேர் எங்கள் தெரு. அதில் நான் ஒருத்தி. "கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க நம்ம பக்கம் ஒருத்தர் வேணும்" என்று தெருவே என்னைக் கை காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சீமைக் கருவேலங்கன்றுகளை வேரோடு பிடுங்குவோம். வெட்டினால் திரும்ப முளைக்கும், பிடுங்கத்தான் வேண்டும். கோடை வந்தால் நெருப்பு தாவாமல் இருக்கச் சருகைக் கூட்டி அகலமாகத் தடம் விடுவோம். பகலில் முறை வைத்துக் காவல் இருப்போம். என் முறை செவ்வாய்க்கிழமை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு லாரி கறுப்புச் சாம்பலும் இரும்புக் கழிவுமாக ஏற்றிக்கொண்டு கால்வாய் ஓரம் கொட்ட வந்தது. நான் வண்டிப் பாதையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏந்துரு பெரீம்மா. நான் டிரைவரு. கொட்டுன்னாங்க, வந்தேன். எனக்கு இன்னா தெரியும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் உன்ன அனுப்பிக்கீறாங்க. திருப்புடா வண்டிய."

அவன் அரை மணி நேரம் என்ஜினை உறும விட்டுப் பார்த்தான். நான் வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் திருப்பிக்கொண்டு போனான். அதை ஊரில் ஒரு மாதம் பேசினார்கள். நானும் பேச விட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு கம்பெனி அந்தப் புறம்போக்குப் பகுதியைத் தனக்கு ஒதுக்கித் தர வேண்டும் என்று எழுதிப் போட்டிருப்பது தெரிந்தது. அவர்களுக்கு வேண்டியது கழிவைக் குவித்து வைக்க ஓர் இடம். நாங்கள் அதற்கு முன்பே, அந்தப் பகுதியையும் இருக்கிறபடியே விட்டு, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை டிரஸ்ட்டிடம் கொடுங்கள் என்று கேட்டிருந்தோம். ஊர் என்ன சொல்கிறது என்று விசாரித்துத்தான் முடிவு செய்வார்களாம். ஊர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு கலெக்டருக்கு ஒரு மனு கொடுக்கலாம் என்று டீச்சரம்மா சொன்னார். "டைப் அடிக்கக் கொடுத்திருக்கேன். வந்ததும் எடுத்துக்கிட்டு வருவாங்க, போடுங்க" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் படிக்கத் தெரியும் என்று தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைக்கும்படி நான்தான் நடந்துகொண்டேன். என் பெயர் எழுதத் தெரியும். பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயர் தெரியும், அதுவும் பார்த்துப் பார்த்து உருவம் மனதில் பதிந்ததுதான். திருவள்ளூரில் ஆட்சியர் அலுவலகம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது தெரியும், பென்ஷனுக்காக எத்தனை தடவை அதன் கீழே நின்றிருப்பேன். ஒரு வார்த்தையை எழுத்துக் கூட்டினால் அடுத்த வார்த்தைக்குப் போவதற்குள் முதல் வார்த்தை மறந்துவிடும். ஆனால் நூறு நாள் வேலையில் எல்லோரும் மையில் விரலை அழுத்தும்போது நான் மட்டும் பேனாவைக் கேட்டு வாங்குவேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காகிதத்தைக் கை நீட்டிப் பிடித்து, தலையை ஆட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அந்தத் தலையாட்டலை வைத்து மற்றவர்கள் என்னைப் படித்தவள் என்றார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை கால்வாய் தூர் எடுத்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறிக் கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரம். என் சித்தி மகளின் பையன் பைக்கில் வந்து இறங்கினான். நாற்பது வயதுக்காரன். மனை வாங்கி விற்கிற புரோக்கர் வேலை அவனுக்கு. கையில் அட்டையில் செருகின காகிதம், மைப்பெட்டி.

"மேட்டு நெலத்து பேப்பரு பெரீம்மா. நீதான் மொதல்ல போடணும். படிச்சிட்டுப் போடு."

டீச்சரம்மா சொன்ன மனு வந்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன், காகிதத்தை நீட்டிப் பிடித்தேன். மேலே எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. அதன் பக்கத்தில் மேட்டு என்பது தெரிந்தது. கீழே கடைசி வரியில் ஒரு பெரிய வார்த்தை. ஆ. அடுத்து புள்ளி வைத்த ட். அடுத்து ச. ஆட்சி என்று ஓடியது மனம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பார்த்த அதே வார்த்தை. மீதியைப் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டேன். ச-வுக்கு முன்னால் ஒரு இரட்டைக் கொம்பு நின்றது. அதை நான் தாண்டிப் போய்விட்டேன்.

தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி கஞ்சித் தூக்கை மூடிக்கொண்டே கேட்டாள், "இன்னா எழுதிக்கீதுக்கா?"

அவள் என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நாற்பது வருடமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிறோம்.

"கலெக்டருக்கு மனு. மேட்ட யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு போட்டுக்கீது" என்றேன். நன்றாக, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்.

அவன் என் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டான். மைப்பெட்டியைத் திறந்து வைத்தான். "பெரீம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னான். முப்பத்தோரு பெண்கள் வரிசையாக வந்து கட்டை விரலை வைத்தார்கள். மையைக் கால்வாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு மண்வெட்டியைத் தூக்கினோம்.

பத்து நாள் கழித்து டீச்சரம்மா ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். மனு டைப் ஆகி வந்துவிட்டதாம். "அதான் போட்டாச்சே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. டீச்சரம்மா முகம் மாறியது. மறுநாளே கும்மிடிப்பூண்டிக்குப் போய், தாலுகா ஆபீசில் கேட்டு, நாங்கள் போட்ட காகிதத்தின் நகலை வாங்கி வந்தார். கமிட்டியை உட்கார வைத்துப் படித்தார்.

மேற்படி நிலம் எவ்விதப் பயனுமின்றித் தரிசாகக் கிடப்பதால், அதனைத் தொழில் பயன்பாட்டுக்கு ஒதுக்கீடு செய்வதில் கிராமப் பொதுமக்களாகிய எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.

அதன் கீழே முதலில் இருந்தது என் கையெழுத்து.

டீச்சரம்மா நம்ப முடியாமல் இன்னொரு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். என் நாக்கு வேறு சொன்னது.

"எங்கிட்ட காட்டுனது வேற பேப்பருமா. அப்பால மாத்திக்கீறான்."

டீச்சரம்மாவுக்கு உயிர் வந்தது. காகிதத்தை மாற்றி ஏமாற்றினான் என்று அன்றைக்கே போலீசுக்கு ஒரு புகாரும் தாலுகா ஆபீசுக்கு ஒரு கடிதமும் எழுதினார். அடியில் சாட்சி என்று என் பெயர். இந்தத் தடவையும் நான் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊரில் விசாரணை வைப்பதாகத் தகவல் வந்தது. இதற்குள் கம்பெனி ஆட்கள் மேட்டில் வெள்ளையும் சிவப்பும் அடித்த கற்களை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, என் முறை நாளில், என் சித்தி மகளின் பையன் மேட்டுக்கே வந்தான். நான் கருவேலங்கன்று பிடுங்கிக்கொண்டிருந்தேன். பைக்கை நிறுத்திவிட்டுக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான்.

"நான் பேப்பர மாத்துனேன்னு சொன்னியாமே பெரீம்மா."

நான் நிமிரவில்லை.

"நான் மாத்தல. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

"அப்ப அதுல இன்னா எழுதிக்கீதுன்னு நீ வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"நான் ஏன் சொல்றேன்? நீதான் கண்ணாடில்லாம் போட்டுக்கினு பெரிய வக்கீலு மாதிரி படிச்சியே! எங்கம்மா சொல்லிக்கீறா, உன்கூட ரெண்டாங்கிளாஸ்ல ஒண்ணா குந்திக்கினு இருந்தவதான. உனக்கு இன்னா வரும் இன்னா வராதுன்னு எனக்கு நல்லாவே தெரியும்."

என் கை கன்றின் மேல் அப்படியே நின்றது. வேரில் பாதிதான் வெளியே வந்திருந்தது.

"வெசாரணையில நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். இந்தம்மா கையில பேப்பர குடுங்க, படிக்கட்டும்னுவேன். நீ முழிச்சேன்னு வை, உன் டிரஸ்ட்டே பொய்யி சொல்ற டிரஸ்ட்டுன்னு ஆயிடும். அப்புறம் அந்த டீச்சரு எத எழுதிக் குடுத்தாலும் எவனும் நம்ப மாட்டான். பேஜாரு வேணாம். அன்னிக்கு ஒடம்பு சரியில்லன்னு ஊட்லயே படுத்துக்கோ."

அவன் போன பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கீழே இருந்தது. கோடைக்கு அது வழக்கம்தான். அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை, அதுதான் என்னைச் சுட்டது.

படுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. வேறொரு வழி தோன்றியது. எனக்கு எழுத்து வராதே தவிர, காதில் விழுந்தது போகாது. டீச்சரம்மா இரண்டு தடவை படித்த அந்தக் காகிதம் அப்படியே எனக்குள் இருந்தது. கமிட்டி நகல் ஒன்று என்னிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய், நாவல் மரத்தடியில் உட்கார்ந்து பழக ஆரம்பித்தேன். எந்த வரியில் கண்ணை வைத்து எந்த வார்த்தையைச் சொல்வது, எங்கே நின்று மூச்சு விடுவது, எங்கே வரி மாறுகிறது. டீச்சரம்மா படிக்கிற மாதிரியே 'மேற்படி' என்று தொண்டையைக் கனைத்துத் தொடங்கினேன். நாலு நாளில் நன்றாக வந்துவிட்டது. யார் பார்த்தாலும் நான் படிக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். அவன் மூக்கு உடைபடும், என் பேச்சு நிற்கும், மேடும் நிற்கும் என்று கணக்குப் போட்டேன்.

விசாரணை பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது. காலையிலேயே வெயில் தகரக் கூரையில் இறங்கிவிட்டது. மேசைக்குப் பின்னால் அதிகாரி, ஒரு பெண், என் பெண் வயதுதான் இருக்கும். பக்கத்தில் எழுதுகிறவர் ஒருவர். ஒரு பக்கம் கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பேரும் அவனும். இந்தப் பக்கம் டீச்சரம்மாவும் நாங்களும். வாசலில் ஊரே நின்றது.

அதிகாரி முதலில் ரேகை வைத்தவர்களைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் போனாள்.

"இது உங்க ரேகையா?"

"ஆமாம்மா."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சு வச்சீங்களா?"

"தெரிஞ்சிதாம்மா வச்சேன். மேட்ட யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு கலெக்டருக்கு எழுதிக்கீது."

"அப்படி இதுல இல்லையே. யார் உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

"தோ, எங்கக்கா. அவங்க படிச்சி சொன்னாங்க, நாங்க வச்சோம். எங்க தெருவுக்கே அவங்கதாம்மா கண்ணு."

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். ஐந்தாவது ஆளோடு அதிகாரி நிறுத்திக்கொண்டார். ஒவ்வொருத்தியும் என்னையே கை காட்டினாள்.

அவன் எழுந்தான். "மேடம், நான் எந்தப் பேப்பரையும் மாத்தல. இந்தம்மா பொய் சொல்றாங்க. இவங்களுக்கு எழுத்துக் கூட்டவே வராது மேடம். ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பேப்பர அவங்க கையில குடுங்க, படிக்கட்டும் பாக்கலாம்."

டீச்சரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "வயசானவங்கள இப்படிச் சபையில வச்சு அவமானப்படுத்தறதா? அவங்க எங்க கமிட்டி உறுப்பினர். அவங்க படிக்கிறத நானே பார்த்திருக்கேன்."

அவர் பார்த்தது என் தலையாட்டலைத்தான்.

அதிகாரி கையமர்த்திவிட்டு என்னிடம் நிதானமாகச் சொன்னார், "அம்மா, படிச்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்குங்க. நீங்க இதைப் படிச்சுத்தான் மத்தவங்களுக்குச் சொன்னீங்கன்னா, இதுல இருக்கறது தெரிஞ்சுதான் எல்லாரும் வச்சாங்கன்னு ஆயிடும், இந்த ரேகை எல்லாம் செல்லும். காகிதத்தை மாத்தினாங்கன்னு சொல்றதுக்கு வேற சாட்சி இருந்தா கொண்டு வரணும். இருக்கா?"

வேறு சாட்சி எங்கிருந்து வரும்? மாற்றவே இல்லையே.

காகிதத்தை வாங்கினேன். கண்ணாடியைத் துடைத்தேன். 'மேற்படி நிலம்' என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. நாலு நாள் பழகினது. அவனைப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தான். இப்போது கடகடவென்று படித்துவிட்டால் அந்தச் சிரிப்பு போய்விடும். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்ல முடியாது.

ஆனால் அதிகாரி சொன்னது காதிலேயே நின்றது. நான் படித்தவள் என்றால் காகிதம் நிற்கும். முப்பத்தோரு பேரின் ரேகையும் நிற்கும், கிணற்றின் மேல் சாம்பல் மேடு எழும்பும். நான் படிக்காதவள் என்றால்தான் அது விழும். நாலு நாளாக மரத்தடியில் உட்கார்ந்து நான் பழகியது கம்பெனிக்கான வேலை.

கடைசி வரிக்கு விரலைக் கொண்டு போனேன். பார்த்ததை மட்டும் சொன்னேன்.

"ஆ... ட்..." அதற்கப்புறம் அந்தக் கொம்பு. "ச... சா... சே..." எனக்கே என் குரல் கேட்கவில்லை. "ஆட்... சே... ப..." மூன்று சுழி ண-வா, ன-வா என்று நின்றேன். முதலில் என்ன சொன்னேன் என்பது மறந்து, திரும்ப ஆ என்று ஆரம்பித்தேன்.

வாசலில் யாரோ சிரித்தார்கள். "இன்னாடா பல்ல காட்ற? வந்து நீ படி பாக்கலாம்" என்று எங்கள் தெருப் பெண் ஒருத்தி அதட்டியது கேட்டது. டீச்சரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

காகிதத்தை மேசையில் வைத்தேன்.

"இதுக்கு மேல எனக்கு வராதும்மா. ஆட்சின்னு ஆரம்பிக்கிற மாதிரி தெரிஞ்சிது. ஆட்சியர்னு நெனச்சிக்கினேன். கலெக்டருக்கு எழுதறதா டீச்சரம்மா சொல்லியிருந்தாங்க, அது இதுதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். இவளுங்க கேட்டாளுங்க, படிச்சவ மாதிரி சொன்னேன். அவன் பேப்பர மாத்தல. அது நான் சொன்ன பொய்யி. கையெழுத்து என்னுதுதான். படிச்சது மட்டும் பொய்யி."

எழுதுகிறவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவன் துள்ளினான். "பாத்தீங்களா மேடம்! அவங்களே ஒத்துக்கினாங்க, நான் மாத்தலன்னு!"

அதிகாரி அவனைப் பார்த்தார். "சரி, மாத்தல. இவங்களுக்கு எழுத்துக் கூட்ட வராதுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அது... முன்னாடியே... எங்கம்மா சொல்லியிருக்காங்க."

"தெரிஞ்சுக்கிட்டேதான் முதல்ல இவங்ககிட்ட நீட்டினீங்க. இவங்க தப்பா எடுத்துச் சொன்னதையும் பக்கத்துல நின்னு கேட்டீங்க. அதுக்கப்புறமும் ரேகை வாங்கினீங்க."

அவன் கம்பெனிக்காரர்களைப் பார்த்தான். அவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காகிதத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்று அதிகாரி எழுதினார். எந்தக் காகிதமானாலும் ஊர் கூடி, உரக்கப் படித்துக் காட்டின பிறகுதான் கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும், மறுபடியும் விசாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மேடு யாருக்கு என்பதை அவர் சொல்லவில்லை. அது அவர் கையில் மட்டும் இல்லையாம். இன்று வரைக்கும் யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் டீச்சரம்மா வேப்பமரத்தடியில் நின்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம். உங்க வார்த்தைய நம்பி ஒருத்தர் மேல பொய்யாப் புகார் எழுதியிருக்கேன்."

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் புகாரைத் திரும்ப வாங்கினார். அவன் வீட்டு வாசலுக்கும் போய், இது எங்கள் பக்கத் தவறு என்று சொன்னார். நானும் கூடவே போனேன். அவன் நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டு வந்தோம். கமிட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். "விலகிட்டா செவ்வாய்க்கிழமை யார் வருவாங்க?" என்று கேட்டுவிட்டு டீச்சரம்மா நடந்தார். அதற்கு மேல் அவர் அன்று என்னிடம் பேசவில்லை. இப்போதும் பழைய மாதிரி இல்லை. கமிட்டியில் எந்தக் காகிதம் வந்தாலும் இரண்டு தடவை உரக்கப் படிக்கிறார், படிக்கும்போது என்னைப் பார்க்காமல் படிக்கிறார்.

தெருவில் பேச்சுக்குக் குறைவில்லை. "ஆட்சே அக்கா வர்றாங்க, வழி உடு" என்று நூறு நாள் வேலையில் ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"ஏங்க்கா, அப்ப கல்யாணமான புதுசுல எம்பொண்ணு செவ்வாப்பேட்டையிலருந்து லெட்டர் போட்டாளே, நீ படிச்சிக் காட்டுனியே. அதுல இன்னாதான் எழுதிக்கினு இருந்துச்சி?"

"தெரியாதுடி."

"நல்லா கீறேன், மாமியா தங்கமா பாத்துக்குதுன்னு சொன்னியே?"

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிச் சொன்னேன்."

"மாமியாக்காரி ஒரு வருசம் சோறு போடாம வாட்டிக்கீறா. அப்பால நேர்ல வந்துதான் சொன்னா." பிறகு குடத்தைச் சுவரின் மேல் வைத்தாள். "உன் கொடத்த எடு. மேட்டுக் கெணத்துக்குத்தான் போறேன், உனக்கும் ஒரு கொடம் கொண்டாறேன். இனிமே எதையாவது நீட்டி இன்னான்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லக் கத்துக்கோ."

கற்கள் இன்னும் மேட்டில் நட்டபடி இருக்கின்றன. மறு விசாரணைக்கு நாள் குறிக்கவில்லை. போன வாரமும் ஒரு லாரி கால்வாய் முனை வரைக்கும் வந்து, என்னைப் பார்த்துவிட்டு நின்றது. வண்டியில் இருந்தவன் ஏதோ ஒரு காகிதத்தை ஜன்னல் வழியாக ஆட்டிக் காட்டினான். "அனுமதி கீது பாத்துக்கோ" என்றான். "எனக்குப் படிக்கத் தெரியாது, டீச்சரம்மா வர்ற வரைக்கும் நில்லு" என்றேன். இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்காதவன் போல என்னைப் பார்த்தான். டீச்சரம்மா வருவதற்குள் போய்விட்டான்.

நடந்ததையெல்லாம் அவரவர் வாயால் எழுதி டிரஸ்ட்டு நோட்டில் வைக்க வேண்டும், நாளைக்கு வேறு கமிட்டி வந்தாலும் தெரியட்டும் என்று டீச்சரம்மா எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். என் பங்கை நான் சொல்லச் சொல்ல, பதினோராம் வகுப்புப் படிக்கிற என் பேத்தி புத்தகத் தமிழில் எழுதினாள். மூன்று சாயங்காலம் ஆகிவிட்டது. இப்போது முடிந்தது என்று சொல்லி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துப் பேனாவை நீட்டுகிறாள்.

"மொதல்ல படி" என்றேன்.

"நீ சொன்னதத்தான ஆயா எழுதிக்கீறேன். எனக்கு நாளைக்கு டெஸ்ட்டு கீது."

"நான் சொன்னது எனக்குத் தெரியும். நீ எழுதுனது எனக்குத் தெரியாது. ஆரம்பத்துலருந்து படி. சத்தமா படி, ஒரு எழுத்தும் தாண்டிப் போவாத."